பிளக் செருகும் ஆஃப்-ரோடு வண்டி: யாருக்குக் கட்டுப்படியாகும்?

ஆஃப்-ரோடு வண்டி வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மலையையும் ஆற்றையும் பற்றியவை. எவ்வளவு ஆழத் தண்ணீரில் இறங்கும்? எவ்வளவு செங்குத்தில் ஏறும்? அடியில் கிளியரன்ஸ் எத்தனை? பிளக்-இன் ஹைப்ரிட் வகையை வாங்க நினைப்பவர் அதற்கெல்லாம் முன்பாகத் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா?

கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இந்த வகை வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்பி வருமா என்பதற்கான விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2021 மாடலாக வந்த ஜீப் ராங்லர் 4எக்ஸ்இ, ஆஸ்திரேலியாவில் 2024 இறுதியில் வந்த பிஒய்டி ஷார்க் 6, அங்கேயே அதன்பின் வந்த ஜிடபிள்யூஎம் டேங்க் 300, ஃபோர்டு ரேஞ்சர் என்று எடைபோட்டுப் பார்க்கப் போதுமான வண்டிகள் இப்போது ஓடுகின்றன. அவற்றை வைத்தே கணக்குப் பார்ப்போம்.

இது என்ன வகை வண்டி?

சாதாரண ஹைப்ரிட் காரில் இருக்கும் பேட்டரி சின்னது. பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் அதுவே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து மின்சாரம் ஏற்ற வழியில்லை. பிளக்-இன் ஹைப்ரிட்டில் பேட்டரி பல மடங்கு பெரியது. வீட்டு பிளக்கில் செருகி நிரப்பலாம். நிரப்பிய மின்சாரம் இருக்கும்வரை பெட்ரோலைத் தொடாமல் மின்சார வண்டியாகவே ஓடும். தீர்ந்ததும் எஞ்சின் வேலைக்கு வரும். அதற்குமேல் சாதாரண ஹைப்ரிட்தான்.

ராங்லர் 4எக்ஸ்இயை எடுத்துக்கொள்வோம். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், கூடவே இரண்டு மின் மோட்டார்கள், பின்சீட்டுக்கு அடியில் 17.3 யூனிட் கொள்ளும் பேட்டரி. எல்லாம் சேர்ந்து 375 குதிரைத்திறன், 637 நியூட்டன் மீட்டர் டார்க். முழு சார்ஜில் மின்சாரத்தில் மட்டும் ஓடும் தூரம், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவுப்படி 21 மைல். ஏறக்குறைய 34 கிலோமீட்டர். பேட்டரி தீர்ந்தபின் மைலேஜ் கேலனுக்கு 20 மைல், அதாவது லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர்.

இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே 2 லிட்டர் எஞ்சினோடு வரும், பேட்டரி இல்லாத நான்கு கதவு ராங்லர் கேலனுக்கு ஒன்றிரண்டு மைல் கூடுதலாகவே கொடுக்கிறது. காரணம் எடை. பேட்டரி, மோட்டார், அவற்றுக்கான மின்னணுப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து 300 கிலோவுக்கு மேல் ஏற்றிவிடுகின்றன. ஆகவே, சார்ஜ் போடாமல் ஓட்டுகிறவருக்கு இது மைலேஜ் குறைந்த, விலை கூடிய ராங்லர். அவ்வளவுதான்.

பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் போகிறதா?

பிளக்-இன் ஹைப்ரிட் என்று ஒரே பெயரில் விற்றாலும், இந்த வண்டிகளுக்குள் இருக்கும் கட்டமைப்பு இரண்டு விதம். காட்டுப்பாதைக்குப் போகிறவர் குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

முதல் விதம், பழைய ஃபோர்-வீல் டிரைவ் வண்டிக்குள் மோட்டாரைப் புகுத்துவது. ராங்லரில் பிரதான மோட்டார் எஞ்சினுக்கும் 8 கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. சக்தி பெட்ரோலிலிருந்து வந்தாலும் பேட்டரியிலிருந்து வந்தாலும் அதே கியர்பாக்ஸ், அதே டிரான்ஸ்ஃபர் கேஸ், அதே ஷாஃப்ட் வழியாகத்தான் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. அதனால் மின்சாரத்தில் ஓடும்போதும் ஃபோர் லோ போடலாம். ரூபிகன் மாடலில் லோ ரேஞ்ச் கியர் விகிதம் 4:1. முன்னும் பின்னும் டிஃப் லாக் உண்டு. டேங்க் 300 பிளக்-இன்னும் இந்த வழியில்தான் கட்டப்பட்டது, ஆனால் பேட்டரி 37.1 யூனிட். ரேஞ்சர் பிளக்-இன்னுக்கு 11.8 யூனிட் பேட்டரிதான். அதற்கேற்ப மின்சார ஓட்டமும் குறைவு.

இரண்டாம் விதத்துக்கு ஷார்க் 6 உதாரணம். முன்பக்கத்தில் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின். அது பெரும்பாலான நேரம் ஜெனரேட்டர் வேலைதான் பார்க்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் முன்சக்கரங்களை நேராகத் தள்ளும். முன்னச்சுக்கு ஒரு மோட்டார், பின்னச்சுக்கு ஒரு மோட்டார். பின்சக்கரத்துக்கு ஷாஃப்டே கிடையாது, மின்கம்பிதான் போகிறது. லோ ரேஞ்ச் இல்லை. பின்பக்க டிஃப் லாக் இல்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால், கம்ப்யூட்டர் அதற்கு பிரேக் போட்டு சக்தியை மறுபக்கச் சக்கரத்துக்குத் திருப்பும்.

எது மேல் என்பதைப் பாதைதான் சொல்ல வேண்டும். சரளைச் சாலை, கடற்கரை மணல், மழையில் ஊறிய பண்ணைப்பாதை, கட்டுமான வேலையிடம் போன்றவற்றுக்கு ஷார்க் தாராளமாகப் போதும். 321 கிலோவாட் சக்தியில் தார்ச்சாலையிலும் அது சீறிப் பாயும். ஆனால் மூலைக்கு மூலை சக்கரம் தூக்கும் பாறைப் படிகளில் மணிக்கணக்காக ஊர்ந்து ஏற வேண்டும் என்றால், லோ ரேஞ்சும் லாக்கும் உள்ள முதல் விதம்தான் நம்பிக்கைக்குரியது. விலைப்பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். செய்கிற வேலை வேறு.

பாதையில் என்ன லாபம்?

முழங்கால் உயரப் பாறை ஒன்று முன்சக்கரத்தை மறிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டியில் மெதுவாக ஆக்சிலரேட்டரைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் மிதித்தால் எஞ்சின் உறுமும். அதற்கும் மேலே மிதிக்கும்போது சட்டென்று இழுவை வந்து, வண்டி பாறைமீது தாவி, மறுபக்கம் தொபுக்கென்று விழும். டிஃப் உறையில் கல் மோதும் சத்தம் வயிற்றைக் கலக்கும். இதைத் தவிர்க்கத்தான் தேர்ந்தவர்கள் லோ ரேஞ்சில் போட்டு, இடது காலில் பிரேக்கையும் வலது காலில் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்து ஏற்றுவார்கள்.

மின் மோட்டாருக்கு இந்த வித்தை தேவையில்லை. சுற்று பூஜ்யத்தில் இருக்கும்போதே முழு டார்க்கும் கிடைக்கும். கால் கட்டைவிரல் அளவுக்கு அழுத்தினால் டயர் பாறையில் அழுந்தி, பிடித்து, அங்குலம் அங்குலமாக ஏறும். உச்சியில் நிறுத்த வேண்டுமானால் நிற்கும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும். புதிதாகக் கற்பவருக்கும் இதில் கை சீக்கிரம் படிந்துவிடும்.

இன்னொரு லாபம் அமைதி. எஞ்சின் சத்தம் இல்லாதபோது டயர் எந்தப் பக்கம் வழுக்குகிறது என்பது காதில் விழும். கல் அடிப்பலகையில் உரசுவது கேட்கும். வெளியே நின்று வழிகாட்டுகிறவர் கத்தத் தேவையில்லை. சாதாரணக் குரலில் "கொஞ்சம் இடது, கொஞ்சம் இடது, அப்படியே வா" என்றால் போதும்.

34 கிலோமீட்டர் எந்த மூலைக்கு என்று கேட்கலாம். பாறைப்பாதையில் அது அவ்வளவு சின்னத் தூரமில்லை. அங்கே வேகம் நடைவேகம்தான். காற்றின் எதிர்ப்பு கிடையாது. கலிஃபோர்னியாவில் தாஹோ ஏரி நோக்கிப் போகும் புகழ்பெற்ற ரூபிகன் பாதையே மொத்தம் 22 மைல். அதைப் பெட்ரோல் தொடாமல் கடந்ததாக ஜீப் நிறுவனம் 2021இல் பெருமையாக விளம்பரம் செய்தது. ஆனால் வீட்டிலிருந்து பாதை தொடங்கும் இடம்வரை மின்சாரத்தில் ஓட்டிவிட்டால் அங்கே போய்ச் சேரும்போது பேட்டரி காலி. இதற்காகத்தான் ராங்லரில் இ-சேவ் என்ற பொத்தான் வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் அதைப் போட்டுப் பெட்ரோலில் ஓட்டி, சார்ஜை அப்படியே காட்டுக்குள் கொண்டுபோவதுதான் விவரமானவர்கள் செய்வது.

கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஷார்க் 6 தன் பேட்டரியிலிருந்து 6.6 கிலோவாட் வரை வெளியே கொடுக்கும். ரேஞ்சர் பிளக்-இன் 6.9 கிலோவாட். இண்டக்ஷன் அடுப்பு, மின்கெட்டில், மரம் அறுக்கும் ரம்பம், எதையும் செருகலாம். முகாம் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்கூட எடுக்காது. தனி ஜெனரேட்டரும் அதன் இரைச்சலும் மிச்சம்.

எங்கே இடிக்கும்?

முதலில் எடை. ஷார்க் 6 ஆள் ஏறாமலே 2,700 கிலோவைத் தொடுகிறது. ராங்லர் 4எக்ஸ்இ 2,300 கிலோவைத் தாண்டும். மணலிலும் சேற்றிலும் எடைதான் எதிரி. புதைந்த வண்டியை வெளியே இழுக்க வாங்கும் கயிறு, கொக்கி, வின்ச் எல்லாவற்றுக்கும் ஒரு படி மேலான திறன் வேண்டும். பழைய வண்டிக்கு வாங்கிய கயிறு இதற்குப் போதுமா என்று பார்க்காமல் மாட்டினால் ஆபத்து. அறுந்து தெறிக்கும் கயிறு ஆளைக் கொன்றிருக்கிறது.

எடையின் இன்னொரு முகம், வண்டி எவ்வளவு சுமக்கும், எவ்வளவு இழுக்கும் என்பது. ஆஸ்திரேலியாவில் பிக்கப் வண்டி என்றால் ஒரு டன் பாரம் ஏற்றலாம், 3,500 கிலோ கேரவனை இழுக்கலாம் என்பது எழுதாத விதி. ஷார்க் 6இன் பாரம் 790 கிலோ, இழுவை 2,500 கிலோ. குடும்பத்தோடு கேரவன் இழுத்துக்கொண்டு நாடு சுற்ற நினைக்கிறவருக்கு அங்கேயே கணக்கு முடிந்துவிடும். ரேஞ்சர் பிளக்-இன் 3,500 கிலோவையும் இழுக்கும். பதிலுக்கு அதன் பேட்டரி சின்னது.

அடுத்தது தூரம். தென் ஆஸ்திரேலியாவின் மாரியிலிருந்து குவீன்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில்வரை போகும் பேர்ட்ஸ்வில் பாதை 517 கிலோமீட்டர் மண்சாலை. இடையில் எரிபொருள் கிடைக்கும் ஒரே இடம் மங்கரானி ரோட்ஹவுஸ். அதற்கும் மேற்கே சிம்ப்சன் பாலைவனம். ஆயிரத்துக்கு மேற்பட்ட மணல்மேடுகள், எரிபொருள் கிடையாது. டொயோட்டா லேண்ட் குரூஸர் 70 வரிசை பிக்கப்புக்கு 130 லிட்டர் டீசல் டேங்க் வைத்திருப்பது இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான். ராங்லர் 4எக்ஸ்இயின் டேங்க் 65 லிட்டர். ஷார்க் 6இன் டேங்க் 60 லிட்டர். மணலில் எரிபொருள் செலவு எகிறும்போது இவை எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ரோட்ஹவுஸில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே என்றால், நெடுந்தொலைவில் இருக்கும் பல ரோட்ஹவுஸ்களுக்கு மின்சாரமே டீசல் ஜெனரேட்டரிலிருந்துதான் வருகிறது.

மூன்றாவது, பேட்டரி காலியானால் வண்டியின் குணம் மாறுவது. விளம்பரத்தில் சொல்லும் 321 கிலோவாட் என்பது எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்து தரும் சக்தி. ஷாஃப்ட் இல்லாத வகையில் நீண்ட மணல்மேட்டிலோ கேரவனை இழுத்துக்கொண்டு ஏறும் மலைச்சாலையிலோ பேட்டரி இருப்பு கரைந்துவிட்டால், மிஞ்சுவது 1.5 லிட்டர் எஞ்சின் அந்த நேரத்தில் உற்பத்தி செய்யும் மின்சாரம் மட்டுமே. இருப்பு ஒரு குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே போகாமல் காக்கும் அமைப்பு வண்டியில் உண்டு. மேட்டின் அடிவாரத்தில் அல்ல, புறப்படும்போதே அதை உயர்த்தி வைத்துவிட வேண்டும்.

நான்காவது பலருக்குத் தோன்றாதது. மலையுச்சியில் வீடோ விடுதியோ இருந்து, ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுக் காலையில் இறங்கினால், மோட்டார் இழுத்துப் பிடித்துத் தயாரிக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது. அப்போது பாரமெல்லாம் எஞ்சின் பிரேக்கிங்கிலும் பிரேக் பேடிலும் விழும். இறக்கத்தில் தொடங்கும் நாளில் பேட்டரியை முழுக்க நிரப்பாமல் விடுவது நல்லது.

பாக்கெட் கணக்கு

இப்போது பணம். ராங்லர் 4எக்ஸ்இ 100 மைல் மின்சாரத்தில் ஓட 69 யூனிட் வேண்டும் என்கிறது அமெரிக்க அரசின் அளவு. ஒருவர் தினமும் 21 மைல் மின்சாரத்திலேயே ஓட்டுகிறார் என்றால் நாளுக்குச் சுமார் 14.5 யூனிட். யூனிட் 17 சென்ட் என்று வைத்தால் செலவு 2.46 டாலர். அதே 21 மைலை பேட்டரி இல்லாத ராங்லரில், கேலனுக்கு 22 மைல் என்று ஓட்டினால் 0.95 கேலன். கேலன் 3.20 டாலர் என்றால் 3.05 டாலர். மிச்சம் நாளுக்கு 60 சென்ட். வருஷத்தில் 300 நாள் தவறாமல் சார்ஜ் போட்டாலும் 180 டாலர்தான். வண்டியின் கூடுதல் விலையோ ஆயிரங்களில்.

கலிஃபோர்னியா மாதிரி, வீட்டு மின்கட்டணம் யூனிட்டுக்கு 30 சென்ட்டைத் தாண்டும் இடத்தில் அந்த 60 சென்ட்டும் கரைந்துபோகும். அங்கே பெட்ரோல் விலையும் அதிகம் என்பதால் இரண்டு செலவும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். ராங்லரின் பெட்டி போன்ற உடம்பும் முரட்டு டயரும் மின்சாரத்தையும் தாராளமாகத்தான் குடிக்கின்றன. மின்சாரம் என்றாலே மலிவு என்ற எண்ணம் இந்த வடிவத்து வண்டிக்கு அப்படியே பொருந்தாது.

ஆஸ்திரேலியக் கணக்கு வேறு மாதிரி வரும். அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக் கூரையில் சோலார் தகடு இருக்கிறது. ஷார்க் 6இன் 29.58 யூனிட் பேட்டரி நிறைந்தால் நிஜ ஓட்டத்தில் 70 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் சொல்லும் 100 கிலோமீட்டர், என்இடிசி என்ற தாராளமான பழைய சோதனை முறையில் வந்த எண். அதே 70 கிலோமீட்டருக்கு, 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிக்கும் டீசல் பிக்கப்புக்கு 6.3 லிட்டர் ஆகும். டீசல் லிட்டர் 1.80 ஆஸ்திரேலிய டாலர் என்றால் 11.34 டாலர். மின்வாரிய மின்சாரம் யூனிட் 30 சென்ட் என்றால் ஒரு முழு சார்ஜுக்கு 9 டாலர். மிச்சம் இரண்டு டாலர் சொச்சம். பகலில் கூரை சோலாரிலிருந்து ஏற்றினால், அந்த மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றிருந்தால் கிடைத்திருக்கும் 5 சென்ட்தான் அதன் விலை. முழு சார்ஜுக்கு ஒன்றரை டாலர். மிச்சம் பத்து டாலரை நெருங்கும்.

ஒரே வண்டி, ஒரே பாதை. ஒரு வீட்டில் லாபம், இன்னொரு வீட்டில் சுமை. ஆகவே "இந்த வண்டி எவ்வளவு மிச்சம் தரும்?" என்று விற்பனையாளரிடம் கேட்பதில் பயனில்லை. உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதையும் பகலில் வண்டி நிற்கும் இடத்தையும் பார்த்து நீங்களே போட வேண்டிய கணக்கு அது.

அரசு முத்திரையோடு வரும் எரிபொருள் எண்ணையும் நம்பி இறங்கிவிடக் கூடாது. ஷார்க் 6க்கு 100 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் என்று சான்று இருக்கிறது; பேட்டரி இருப்பு குறைந்த நிலையில் 7.9 லிட்டர் என்று அதே நிறுவனம்தான் சொல்கிறது. ஐரோப்பிய ஆணையம் 2021இல் பதிவான வண்டிகளின் நிஜ ஓட்டத் தரவுகளைத் திரட்டி 2024இல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிகள் வெளியிடும் கரியமிலவாயு, சோதனைச்சாலை அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு இருந்தது. சோதனை முறை எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் சார்ஜ் போடவில்லை என்பது அதற்கு முக்கியக் காரணம்.

தினமும் தவறாமல் சார்ஜ் போட்டாலும் எஞ்சின் ஒரேயடியாகத் தூங்கிவிடாது. கடுங்குளிரில் அது தானே எழும். டேங்கில் பெட்ரோல் பழசாகிவிட்டாலோ எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் கலந்துவிட்டாலோ, அதைச் சரிசெய்ய ராங்லர் 4எக்ஸ்இ எஞ்சினைக் கட்டாயமாக ஓடவிடும். ஆயில் மாற்றும் செலவும் மிச்சமாகாது. எஞ்சின் ஒன்று, மோட்டார் இரண்டு, பேட்டரி ஒன்று என்று பராமரிக்க வேண்டியவை கூடியிருக்கின்றன.

ஜீப் தரும் பாடம்

ராங்லர் 4எக்ஸ்இ அமெரிக்காவில் 2022இலும் 2023இலும் அதிகம் விற்ற பிளக்-இன் ஹைப்ரிட். அப்படி விற்றதற்கு வண்டியின் குணம் பாதி, வரிச்சலுகை பாதி. தொடக்கத்தில் 7,500 டாலர் வரிக்கழிவு கிடைத்தது. பெட்ரோல் ராங்லருக்கும் இதற்கும் இருந்த விலை இடைவெளியை அதுவே அடைத்தது. 2023 ஏப்ரலில் வாங்குவோருக்கான கழிவு பாதியானது. 2025 செப்டம்பர் 30ஓடு அந்த வரிக்கழிவுத் திட்டமே முற்றிலும் நின்றது. ஆஸ்திரேலியாவிலும் நிறுவனம் மூலம் ஊழியர்கள் வாங்கும் பிளக்-இன் வண்டிகளுக்கு இருந்த வரிவிலக்கு, 2025 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு இல்லை. சலுகையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு நிற்கிறதா என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

அதைவிடப் பெரிய அடி தீ. 2023 நவம்பரில் சுமார் 32,000 ராங்லர் 4எக்ஸ்இகள் தீ அபாயத்துக்காக ரீகால் செய்யப்பட்டன. 2024இல் ஜீப்பின் இன்னொரு பிளக்-இன் வண்டியான கிராண்ட் செரோக்கீயும் சேர்ந்து அமெரிக்காவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். 2025 நவம்பரில் சுமார் 3,20,000. முந்தைய ரீகாலில் சரிசெய்யப்பட்டதாகச் சொன்ன வண்டிகளும் அதில் அடக்கம். பழுது தீரும்வரை சார்ஜ் போட வேண்டாம், வீட்டுக்கும் மற்ற வண்டிகளுக்கும் தள்ளி நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. பிளக்குக்காகக் கூடுதல் விலை கொடுத்தவர்களால் பிளக்கையே தொட முடியவில்லை. 2026 மாடல் ஆண்டு தொடங்கி வட அமெரிக்காவில் பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிகளைக் கைவிடுவதாக ஜீப்பின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் 2026 ஜனவரியில் அறிவித்தது.

இதை வைத்து எல்லா பிளக்-இன் ஹைப்ரிட்டும் தீப்பிடிக்கும் என்று முடிவுகட்டுவது தவறு. கோளாறு அந்த வண்டியில் வந்த செல்களோடு தொடர்புடையது. ஷார்க் 6இல் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. சூட்டைத் தாங்குவதில் அது நிக்கல் கலந்த வகையைவிட நிதானமானது. வாங்குகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. முதல் தலைமுறை வண்டியை முதல் ஆண்டிலேயே வாங்காமல் கொஞ்சம் பொறுப்பது நல்லது. பழைய ராங்லர் 4எக்ஸ்இ இப்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுகிறவர், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ரீகால் பதிவில் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

காட்டுக்குள் பழுதானால்?

பழைய ஃபோர்-வீல் டிரைவ் வண்டியின் பெரிய பலம், எந்தக் குக்கிராமத்து மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பார்த்துவிடுவார் என்பது. பிளக்-இன் ஹைப்ரிட்டில் ஆரஞ்சு நிறக் கேபிள் போகும் இடமெல்லாம் உயர் மின்னழுத்தம். ராங்லரில் அது 400 வோல்ட். தனிப் பயிற்சி பெற்றவர் மட்டுமே கைவைக்கலாம். நகரத்தில் அது பிரச்சினையில்லை. ஊருக்கு நானூறு கிலோமீட்டர் தள்ளி நின்றுவிட்டால், வண்டியை டிரக்கில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டியிருக்கும்.

தண்ணீரைப் பற்றி அச்சம் வேண்டாம். மின்பாகங்கள் நன்றாகவே மூடி அடைக்கப்பட்டிருக்கின்றன. ராங்லர் 4எக்ஸ்இ 76 சென்டிமீட்டர் ஆழம்வரை இறங்கலாம். ஷார்க் 6க்கு 70 சென்டிமீட்டர். உப்புத்தண்ணீர்தான் எந்த வண்டிக்கும் ஆகாது. கடற்கரையில் ஓட்டிய அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். பேட்டரிப் பெட்டியில் பாறை பலமாக இடித்திருந்தால், வெளியே கீறல்தான் தெரிகிறது என்றாலும், சர்வீஸ் சென்டரில் பார்க்காமல் சார்ஜில் செருக வேண்டாம்.

பெரிய டயர், லிஃப்ட் கிட், இரும்பு பம்பர் மாட்டும் ஆசை உள்ளவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் டயரின் ஒவ்வொரு அங்குலமும் மின்சார ஓட்டத்திலிருந்து கழியும். 34 கிலோமீட்டர் இருபத்தைந்துக்கு இறங்கினால், வேலைக்குப் போய்வரும் தூரம் அதில் அடங்காமல் போகலாம். உத்தரவாதம் இதற்கு இடம் தருகிறதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

யார் வாங்கலாம், யாருக்கு வேண்டாம்?

இவர்களுக்குப் பொருந்தும்:

- சொந்த வீட்டில், வண்டி நிற்கும் இடத்திலேயே சார்ஜ் வசதி உள்ளவர்கள். கூரையில் சோலார் இருந்து பகலில் வண்டி வீட்டில் நிற்குமானால் இன்னும் நல்லது.
- வார நாட்களின் ஓட்டம் மின்சாரத் தூரத்துக்குள் அடங்குபவர்கள். இதில் 21 மைல் வண்டிக்கும் 70 கிலோமீட்டர் வண்டிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.
- வீட்டிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத் தூரத்தில் உள்ள பாதைகளுக்கு வார இறுதியில் போய்வருகிறவர்கள்.
- பெட்ரோல், டீசல் விலை அதிகமாகவும் மின்சாரம் மலிவாகவும் உள்ள ஊர்க்காரர்கள்.

இவர்கள் தவிர்ப்பது நல்லது:

- அடுக்குமாடியில் இருந்து, பொதுச் சார்ஜரையே நம்ப வேண்டியவர்கள். ராங்லர் 4எக்ஸ்இயில் வேகச் சார்ஜ் வசதியே கிடையாது, 7.2 கிலோவாட் வீட்டுச் சார்ஜரில் இரண்டரை மணி நேரம் வேண்டும், அமெரிக்க வீட்டுச் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஒரு ராத்திரி முழுக்க ஆகும்.
- கனமான கேரவனை அடிக்கடி இழுப்பவர்கள், பாலைவனம் கடக்கிறவர்கள்.
- வண்டியைப் பதினைந்து இருபது வருஷம் வைத்துத் தானே பழுதுபார்த்து ஓட்டும் பழக்கமுள்ளவர்கள்.

இரண்டு பட்டியலிலும் கால் வைத்து நிற்கிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். வார நாட்களில் அலுவலகம், வருஷத்துக்கு ஒரு முறை நெடும்பயணம் என்று இருப்பவர் அந்த ஒரு பயணத்துக்காக முந்நூறு நாள் லாபத்தை விட்டுவிட வேண்டியதில்லை. அந்தப் பயணத்துக்கு டீசல் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். நெடும்பயணம்தான் முதல் காரியம், நகர ஓட்டம் பெயருக்கு என்று இருப்பவர் விளம்பரத்தில் மயங்க வேண்டாம். டீசலே போதும்.

கையெழுத்துப் போடும் முன்

ஒரு மாதம் இப்போதைய வண்டியின் ஓடோமீட்டரை ராத்திரிதோறும் குறித்து வாருங்கள். எத்தனை நாள் ஓட்டம், வாங்க நினைக்கும் வண்டியின் மின்சாரத் தூரத்தில் முக்கால் பங்குக்குள் அடங்குகிறது என்று எண்ணுங்கள். அறிவித்த தூரம் ஏசி, மழை, மேடு எல்லாம் சேர்ந்தால் குறையும் என்பதால் முக்கால் பங்கு. பத்தில் ஏழு நாளாவது அடங்கினால் மேலே பேசலாம்.

பேட்டரி உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், கொள்ளளவு எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள், வண்டியை விற்றால் அடுத்தவருக்கு அது மாறுமா என்று கேளுங்கள். பேட்டரிக்கு அடியில் தற்காப்புத் தகடு உண்டா என்று குனிந்து பாருங்கள். உதிரி டயருக்கு இடம் இருக்கிறதா, பேட்டரி பூட் இடத்தைத் தின்றிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். வண்டி விலையும் பழுது செலவும் கூடினால் பிரீமியமும் கூடும்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம் எப்போதும் முழு சார்ஜ் ஏற்றிய வண்டியைத்தான் தரும். அதில் எல்லாமே அமைதியாகவும் வேகமாகவும் இருக்கும். பேட்டரி தீர்ந்த நிலையில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். நான்கு பேரை ஏற்றி ஒரு மேட்டில் விட்டுப் பாருங்கள். எஞ்சின் இரைச்சலும் இழுவையும் அப்போதும் உங்களுக்குப் பிடித்திருந்தால் தைரியமாக வாங்கலாம். பிடிக்காவிட்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.